பரணில் இருக்கும் துப்பாக்கி: கொல்லிமலை மக்களுக்கு ஒரு திறந்த மடல்

கொல்லிமலையின் 14 நாடுகளைச் சேர்ந்த ஊர்க்கவுண்டர்களுக்கும், இராக்காவல் போகும் விவசாயிகளுக்கும், வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கும் குடும்பத்தாருக்கும்,



மரவள்ளி கிழங்கு வைக்கும் பருவத்தில் ஒரு பன்றிக்கூட்டம் இறங்கினால் விடியும்போது என்ன மிஞ்சும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாமையும் ராகியும் வைத்தவர்களுக்கும் அதே பாடு. மிளகையும் காப்பியையும் பன்றி அவ்வளவாகத் தேடுவதில்லை. கிழங்கையும் தானியத்தையும்தான் அது தேடி வருகிறது. அதனால்தான் இந்த மலையில் தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கி இருக்கிறது. அதை வைத்திருப்பவர்கள் எல்லாரும் குற்றவாளிகள் என்று சொல்ல நான் எழுதவில்லை. அந்தத் துப்பாக்கி பன்றியைவிட அதிகமாக நம்மையே காவு வாங்கிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

நான் மலையடிவாரத்துக்காரன். பட்டாளத்தில் ஆர்மரர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சுடுகிறவன் கையில் கொடுக்கும் முன்பு ஆயுதத்தைப் பிரித்து, துடைத்து, சோதித்து, ‘சரி’ என்று கையெழுத்துப் போடுவதுதான் ஆர்மரரின் வேலை. அந்தப் பழக்கத்தில் கற்றதையெல்லாம் சுருக்கினால் இவ்வளவுதான்: ஒளித்து வைக்க வேண்டிய துப்பாக்கியை யாராலும் பாதுகாப்பாக வைத்திருக்க முடியாது. எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் முடியாது. ஏன் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

உரிமம் உள்ளதும் இல்லாததும்

நம் மலையில் இரண்டு வகைத் துப்பாக்கிகள் உண்டு. ஒன்று, பயிர்ப் பாதுகாப்புக்காக அரசாங்கம் உரிமம் கொடுத்த ஒற்றைக்குழல் துப்பாக்கி; வாய் வழியாக மருந்தும் ரவையும் போட்டுக் கெட்டித்து, ‘கேப்’ என்ற சிறு வெடிமூடியை மாட்டிச் சுடுவது. இன்னொன்று, பார்வைக்கு அதே மாதிரி இருந்தாலும் எங்கோ ஒரு பட்டறையில் குழாயை அறுத்து, கட்டை பொருத்தி, யாருக்கும் தெரியாமல் கைமாறிய நாட்டுத் துப்பாக்கி.

சட்டம் நமக்கு எதிரி என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தைப் படித்தால் வேறு மாதிரித் தெரியும். அதன் 13-ஆவது பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி கேட்கும் குடிமகனுக்கு உரிமம் வழங்குவதற்கென்றே தனி வழி வைத்திருக்கிறது. அந்தத் துப்பாக்கி போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரிக்குத் தோன்றினால் வேறு வகை வழுவழுக் குழல் துப்பாக்கிக்கும் அனுமதி தரலாம் என்றுகூட அதில் இருக்கிறது. கேட்க வேண்டிய இடம் மாவட்ட நிர்வாகம்.

அதே சட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 2019-இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு, உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. செய்வது, விற்பது, பழுது பார்ப்பது எல்லாம் உரிமமில்லாமல் நடந்தால் தண்டனை அதைவிடப் பல மடங்கு கடுமை. “கேப் உட்காரும் முளை தேய்ந்துவிட்டது, கொஞ்சம் தட்டிக் கொடு” என்று ஊர்க் கொல்லரிடம் நீட்டுகிறோமே, அதில் அவரும் மாட்டிக்கொள்வார். திருமணத்திலும் திருவிழாவிலும் வானத்தைப் பார்த்துச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. உரிமம் இருக்கிறதே என்பது அங்கே சாக்காகாது.

கெட்டித்தது கெட்டித்தபடியே

தோட்டா போடும் துப்பாக்கியை மடித்தால் போதும், உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். தோட்டாவை உருவிவிட்டால் அது வெறும் இரும்பு. நம் ஒற்றைக்குழலில் அந்த வசதி கிடையாது. பின்பக்கம் அடைத்த குழல். ஒருமுறை மருந்தும் தக்கையும் ரவையும் இறக்கிக் கெட்டித்துவிட்டால் வெளியே எடுக்க இரண்டே வழி: சுட வேண்டும், இல்லாவிட்டால் அதற்கென்று உள்ள திருகுக் கம்பியால் பொறுமையாகக் குடைந்து எடுக்க வேண்டும். இராக்காவல் போனவர் பன்றி வரவில்லையென்றால் என்ன செய்வார்? மருந்து வீணாகும், சத்தம் கேட்டால் நாலு பேர் கேள்வி கேட்பார்கள் என்று அப்படியே கொண்டுவந்து பரணில் போட்டுவிடுவார். நாளைக்கும் போகத்தானே வேண்டும் என்று சமாதானம். அந்த நாளை பத்து நாள் கழித்து வரும். அதற்குள் போட்டவருக்கே மறந்து போயிருக்கும்.

வீட்டுக்குள் நடக்கும் விபத்துக்கெல்லாம் மூலம் இங்கேதான் இருக்கிறது. பையன் விளையாட்டாக எடுப்பான். மருமகள் பரணைச் சுத்தம் செய்வாள். அண்ணன் தம்பி சண்டையில் ஒருவர் மிரட்டுவதற்காகத் தூக்குவார். “உள்ளே ஒன்றுமில்லை” என்று நினைத்துத்தான் எல்லாரும் தொடுகிறார்கள். கேப்பை எடுத்துவிட்டேனே என்பதும் காவலாகாது. பழைய கேப்பின் துணுக்கு முளையில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அடுத்தவர் கேப் மாட்டிப் பார்க்கலாம். கெட்டித்த குழல் கெட்டித்த குழல்தான்.

உரிமம் உள்ளவர்கள் இதற்கு ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். குழல் நிச்சயமாகக் காலியாக இருக்கும் ஒரு நாளில் கெட்டிக்கும் கம்பியை அடிவரை விட்டு, குழல் வாய்க்கு நேராகக் கம்பியில் அரம் கொண்டு ஒரு கீறல் போடுங்கள். பிறகு எப்போது சந்தேகம் வந்தாலும், கேப் இல்லை என்பதை முதலில் பார்த்து, வாயைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி, முகமும் கையும் குழல் வாய்க்கு நேரே வராமல் கம்பியை மெல்ல விடுங்கள். கீறல் வாய்க்குச் சமமாக வந்து நின்றால் காலி. இரண்டு விரற்கடை மேலே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அது போன மாதம் போட்ட மருந்தாகவும் இருக்கலாம், குளவி கட்டிய மண்கூடாகவும் இருக்கலாம். இரண்டுமே ஆளைக் கொல்லும். குழல் அடைபட்டிருக்கும்போது சுட்டால் வாய் வழியாகப் போக முடியாத வேகம் பக்கவாட்டைக் கிழித்துக்கொண்டு வரும். இடது கை விரல்கள் இருக்கும் இடம் அதுதான்.

காவலுக்குப் போய்ச் சுடாமல் திரும்பினால், வீட்டுக்குள் நுழையும் முன்பே காலி செய்துவிட வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத மண்மேட்டில் சுட்டோ, குடைந்தோ காலி செய்யுங்கள். ஒரு கெட்டிப்பு மருந்து வீணாவதைக் கணக்குப் பார்க்காதீர்கள். பட்டாளத்தில் சுடுதளத்தை விட்டு வெளியே வருவதற்குள் ‘காலி கர்’, ‘ஜாஞ்ச் சஸ்தர்’ என்று கட்டளை வரும். ஒவ்வொருவராக ஆயுதத்தைத் திறந்து காட்ட வேண்டும். முப்பது வருடம் சர்வீஸ் போட்ட சுபேதாரும் காட்டித்தான் ஆக வேண்டும். காட்டச் சொன்னதற்காக அவர் கோபித்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை.

ஒளித்து வைத்தால் என்ன ஆகும்

இப்போது உரிமமில்லாத துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்னதில் எதையாவது அதற்குச் செய்ய முடியுமா? திரும்பி வந்து சுட்டுக் காலி செய்ய முடியாது, சத்தம் காட்டிக்கொடுக்கும். முற்றத்தில் உட்கார்ந்து பிரித்துத் துடைக்க முடியாது. போகிறவர் வருகிறவர் பார்ப்பார்கள். குழல் பலமானதா என்று எந்த உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடமும் காட்ட முடியாது. பிள்ளைகளிடம் “அதைத் தொடாதே” என்று சொல்வதற்குக்கூட முதலில் அது இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும்.

முறையாகச் செய்யப்பட்ட துப்பாக்கிக் குழலுக்குப் பின்னால் ஒரு சோதனை இருக்கிறது. வழக்கமான அளவைவிடப் பலமான மருந்தைப் போட்டுச் சுட்டுப் பார்த்து, தாங்கினால் மட்டும் முத்திரை குத்துவார்கள். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்தில் இதற்கென்றே 1813-இல் ஒரு சோதனைக்கூடம் சட்டப்படி தொடங்கப்பட்டது, இன்றும் நடக்கிறது. நம் நாட்டிலும் தொழிற்சாலைத் துப்பாக்கிகள் சோதனை முத்திரையோடுதான் வருகின்றன. நாட்டுத் துப்பாக்கிக்கு அந்தச் சோதனையை யார் செய்கிறார்கள்? தண்ணீர் போகச் செய்த குழாயோ, வண்டியின் ஏதோ ஒரு பாகமோ அங்கே குழலாகியிருக்கும். பற்றவைத்த இடம் எவ்வளவு தாங்கும் என்று செய்தவருக்கும் தெரியாது. கன்னத்தை ஒட்டி வைத்துக்கொண்டு விசையை இழுப்பவர்தான் ஒவ்வொரு முறையும் சோதனை செய்கிறார். அதிலும் ரவை கிடைக்காமல் சைக்கிள் பால்ரஸ் குண்டைப் போடுகிறார்கள். ஈயம் மெதுவானது, குழலுக்கு ஏற்ப நெளியும்; எஃகுக் குண்டு நெளியாது, குழலைக் கீறிக்கொண்டு போகும்.

ஆகவே உரிமமில்லாத துப்பாக்கியை எப்படிப் பராமரிப்பது என்று என்னைக் கேட்டால் ஒரே பதில்தான்: ஒப்படைத்துவிடுங்கள். அதற்கு எண்ணெய் போட நான் சொல்லித்தர மாட்டேன்.

உரிமதாரர் இறந்துபோன வீடுகளுக்கும் இது பொருந்தும். அப்பா பெயரில் இருந்த உரிமம் அப்பாவோடு முடிந்தது. உரிமக் காலம் முடிந்தாலும், உரிமதாரர் காலமானாலும் துப்பாக்கியைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று சட்டத்தின் 21-ஆவது பிரிவு சொல்கிறது. வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் திரும்பப் பெறலாம். “அப்பா நினைவாக இருக்கட்டும்” என்று சுவரில் மாட்டியிருப்பது, சட்டத்தின் கண்ணுக்குக் கள்ளத்துப்பாக்கிதான்.

ஓரியின் அம்பு எங்கே நின்றது?

ஆடி மாதம் செம்மேட்டில், நம் மலையை ஆண்ட வல்வில் ஓரிக்கு விழா எடுக்கிறோம். அவன் வில்லாற்றலுக்கு நாம் எல்லாரும் சொல்லும் சான்று ஒன்றுதான். புறநானூற்றில் வன்பரணர் பாடிய செய்தி அது: ஓரி விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றருகே இருந்த உடும்பில் போய்த் தைத்தது. கேட்கும்போதெல்லாம் நெஞ்சு நிமிர்கிறது.

ஆர்மரர் கண்ணோடு அதே செய்தியைப் பாருங்கள். ஓரி குறி வைத்தது யானைக்கு. மிச்சம் நான்கும் யானைக்குப் பின்னால் இருந்தவை. அம்பு குறியோடு நிற்கவில்லை. காட்டில் அன்று பின்னால் நின்றவை புலியும் மானும். இன்று நம் மலையில் ஒவ்வொரு கொல்லைக்கும் பின்னால் ஒரு தடம், தடத்துக்குக் கீழே இன்னொரு கொல்லை, அதற்கும் கீழே வீடு. மலைச்சரிவில் மேலேயிருந்து சுட்டால் தவறிய குண்டுக்குத் தடுப்பே இல்லை. வானத்தை நோக்கிச் சுட்டாலும் அது எங்கோ இறங்கத்தான் செய்யும்.

புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைப் பக்கம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 2021 டிசம்பர் 30 அன்று அங்கிருந்த சுடுதளத்தில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தளத்துக்கு வெகு தூரத்தில், தாத்தா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. நான்கு நாள் போராட்டத்துக்குப் பிறகு, 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்துபோனான். பயிற்சி பெற்ற படை, அதற்கென்று ஒதுக்கிய தளம், பகல் வெளிச்சம் எல்லாம் இருந்தும் அது நடந்தது. இங்கே இருட்டில், பனிமூட்டத்தில், அசையும் புதரை நம்பிச் சுடுகிறோம்.

துப்பாக்கிப் பயிற்சியில் உலகம் முழுவதும் சொல்லித்தரும் நான்கு விதிகள் உண்டு. அமெரிக்கப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் வகுத்தவை அவை. எந்தத் துப்பாக்கியும் கெட்டித்திருக்கிறது என்றே எண்ணு. அழிக்க நினைக்காத எதன் மேலும் குழல் வாயைத் திருப்பாதே. குறி பார்த்து முடிக்கும் வரை விசையில் விரல் வைக்காதே. குறி என்ன, அதற்குப் பின்னால் என்ன என்று தெரியாமல் சுடாதே. நான்கில் எது ஒன்றைக் கடைப்பிடித்திருந்தாலும், பன்றியென்று நினைத்து ஆளைச் சுட்ட சம்பவங்களில் பாதி நடந்திருக்காது என்பது என் எண்ணம். நான்காவதுதான் நம் மலைக்கு உயிர்நாடி.

அதை இராக்காவலுக்குப் பொருத்திச் சொல்கிறேன். சத்தத்தைப் பார்த்துச் சுடக் கூடாது. டார்ச்சில் மின்னும் இரண்டு கண்ணைப் பார்த்துச் சுடக் கூடாது. கன்றுக்குட்டிக்கும் நாய்க்கும் கண் மின்னும். முழு உருவமும் தெரியாவிட்டால் அது பன்றி அல்ல என்றே வைத்துக்கொள்ள வேண்டும். கூட வந்தவர் எங்கே நிற்கிறார் என்று தெரியாவிட்டால் குழலைத் தூக்கவே கூடாது. இரண்டு பேர் இரண்டு பக்கமாகப் பிரிந்து போய்ப் பன்றியை வளைப்பதுதான் நான் கேட்ட விபத்துகளில் திரும்பத் திரும்ப வரும் கதை. பக்கத்துக் கொல்லைக்காரரிடம் “இன்றைக்கு நான் காவல் இருக்கிறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். கள்ளத்துப்பாக்கிக்காரரால் இதைச் சொல்ல முடியாது. அவர் அங்கே இருப்பதே இரகசியம். அவர் துப்பாக்கியோடு அங்கே இருக்கிறார் என்று அறியாத ஒருவர், இயற்கைக் கடனுக்கோ தண்ணீர் திருப்பவோ அந்தப் புதர்ப் பக்கம் வருகிறார். கொலை செய்யும் எண்ணம் துளியும் இல்லாமல் ஒரு கொலை நடந்துவிடுகிறது. இரண்டு குடும்பமும் ஒரே ஊரில், பெரும்பாலும் ஒரே உறவில், அதற்குப் பிறகும் வாழ்ந்தாக வேண்டும்.

குடித்துவிட்டுத் துப்பாக்கியைத் தொடுவதைப் பற்றித் தனியே சொல்லவும் வேண்டுமா? வரப்பு ஏறும்போதும் சறுக்கலில் இறங்கும்போதும் கேப் மாட்டிய துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். கேப்பை அடிக்கும் குதிரையைப் பாதியில் நிறுத்தி வைத்திருக்கிறேன், விழாது என்று நம்பாதீர்கள். பழைய துப்பாக்கிகளில் அந்தப் பாதி வெட்டுத்தான் முதலில் தேயும்.

துடைப்பது எப்படி

உரிமம் உள்ளவர்களுக்கு மட்டும் இந்தப் பகுதி.

கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் கரியும் உப்புமாகத்தான் மிஞ்சும். கொஞ்சம் புகையோடு போகும். மிச்சம் குழலின் உட்சுவரில் படியும். அந்தப் படிவு காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். கொல்லிமலையின் பனிமூட்டத்தில் ஒரே இரவு போதும், குழலுக்குள் துரு பிடிக்க. சுட்டு முடித்த அன்றே துடைக்க வேண்டும் என்று பட்டாளத்தில் அடித்துச் சொல்வது இதற்காகத்தான்.

பலர் செய்யும் தவறு, சுட்ட குழலில் நேரே எண்ணெய் விடுவது. எண்ணெய்க்கு அந்த உப்பு கரையாது. உப்பின் மேல் எண்ணெய் பூசியதாகவே ஆகும். தண்ணீரில்தான் அது கரையும். குழல் காலியா என்று முதலில் கம்பி விட்டுப் பாருங்கள். கேப் உட்காரும் முளையைக் கழற்ற முடிந்தால் கழற்றித் தனியே போடுங்கள். கொஞ்சம் சோப்புக் கரைத்த சுடுதண்ணீரில் துணியை நனைத்துக் கம்பியில் சுற்றி உள்ளே விட்டு இழுங்கள். முதலில் மைபோலக் கறுப்புத் தண்ணீர் வரும், பிறகு சாம்பல் நிறம், கடைசியில் தெளியும். தெளியும் வரை விடாதீர்கள். பின் நல்ல தண்ணீர். சுடுதண்ணீரில் இரும்பு சூடேறுவதால் உள்ளே சீக்கிரம் காய்ந்துவிடும். வெள்ளைத் துணித் துண்டு விட்டு எடுத்தால் அது வெள்ளையாகவே திரும்பி வர வேண்டும். அந்தத் துண்டைப் பட்டாளத்தில் ‘சிந்தி’ என்போம். அதற்குப் பிறகுதான் எண்ணெய், அதுவும் தடவியதாகத் தெரியாத அளவு. மரக்கட்டையில் தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை கெட்டிக்கும் முன்பு அந்த எண்ணெயைத் துடைத்தெடுக்க வேண்டும். எண்ணெய் பட்ட மருந்து பிடிக்காது. கேப் வெடித்தும் மருந்து பிடிக்காமல் போனால் குழலை யாரும் இல்லாத திசையிலேயே நீட்டியபடி ஒரு நிமிடமாவது அசையாமல் நில்லுங்கள். உள்ளே புகைந்துகொண்டிருந்துவிட்டுத் திடீரென்று வெடிப்பதுண்டு. என்ன ஆயிற்று என்று குழல் வாயைத் திருப்பிப் பார்ப்பவர், அடுத்த கணத்தைப் பார்க்க மாட்டார்.

ஒருமுறை சுட்டதும் உடனே மருந்து போடாதீர்கள், கங்கு மிச்சமிருக்கும். மருந்துக் குடுக்கையை நேராகக் குழல் வாயில் கவிழ்க்காதீர்கள். தீப்பிடித்தால் குடுக்கை முழுவதும் கையில் வெடிக்கும். குண்டு மருந்தின் மேல் உட்காராமல் நடுவில் நின்றாலும் குழல் வெடிக்கும். தோட்டாவை உடைத்து எடுத்த புகையில்லா மருந்தை ஒற்றைக்குழலில் ஒருபோதும் போடக் கூடாது. அந்த வேகத்தைத் தாங்கும் குழல் அல்ல இது. 12 போர் துப்பாக்கி வைத்திருக்கும் தோட்டக்காரர்கள், வீட்டில் 20 போர் தோட்டா ஒன்றுகூட இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது வழுக்கிக் குழலுக்குள் இறங்கி நிற்கும்; காலியென்று நினைத்து மேலே சரியான தோட்டாவைப் போட்டால் குழல் சிதறும்.

ஈரம் ஏறக் கூடாதென்று மருந்து டப்பாவை அடுப்புக்கு மேலே பரணில் வைக்கும் வழக்கத்தை இன்றைக்கே நிறுத்துங்கள். துப்பாக்கி ஓரிடத்தில் பூட்டில், மருந்தும் கேப்பும் வேறிடத்தில் பூட்டில், சாவி உரிமதாரர் இடுப்பில். வீட்டிலிருக்கும் பெண்களே, சாவி எங்கே என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு; கேளுங்கள். துப்பாக்கி சுடுவது ஆணின் வேலை என்று விட்டிருக்கலாம்; அது இருக்கும் வீட்டில் பகல் முழுவதும் பிள்ளைகளோடு இருப்பவர்கள் நீங்கள்தான்.

அடிபட்டால்

துப்பாக்கிக் காயத்தில் சாவதற்கு முக்கியக் காரணம் இரத்தம் போவது. சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடியுங்கள், விடாதீர்கள். ரவையைத் தோண்டி எடுக்கப் பார்க்காதீர்கள். மஞ்சளும் காப்பித்தூளும் வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். நாமக்கல் போய்ச் சேர அடிவாரத்துக் காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். இங்கே வீணாகும் ஒவ்வொரு நிமிடமும் அந்தத் தூரத்தோடு சேரும்.

பெரும்பாலும் நேரம் எங்கே வீணாகிறது? “கேட்டால் என்ன சொல்வது” என்று பேசித் தீர்ப்பதில்தான். மரத்திலிருந்து விழுந்தான், பாறை சரிந்தது என்று கதை கட்டுகிறார்கள். மருத்துவர் காயத்தைப் பார்த்த உடனே கண்டுகொள்வார். அவசரச் சிகிச்சைக்கு வந்தவரைப் போலீஸ் நடைமுறையைக் காரணம் காட்டித் தாமதிக்காமல் முதலில் காப்பாற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989-இலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. உண்மையைச் சொல்லுங்கள். வழக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பன்றிக்கு என்ன செய்வது?

இவ்வளவும் சொல்லிவிட்டுப் பன்றியை மறந்துவிட்டால் இந்த மடல் பாதி மடல். உரிமமுள்ள துப்பாக்கி என்றாலும் அது காட்டு விலங்கைக் கொல்லக் கொடுத்த அனுமதி ஆகாது. காட்டுப்பன்றி 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்கள் வழியாகச் சுட அனுமதிக்கும் முறை வந்தது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அரசு வேறு வழியை அறிவித்தது: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக் கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். நம் மலையில் காட்டைவிட்டு 3 கிலோமீட்டர் தள்ளி எத்தனை கொல்லை இருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். சமவெளியை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு மலைக்குப் பொருந்தவில்லை என்றால் அதை உரக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. கையில் கள்ளத்துப்பாக்கியை வைத்துக்கொண்டு அந்த உரிமையைப் பேச முடியாது என்பதும் உண்மை. பயிர்ச் சேதத்துக்கு வனத்துறை இழப்பீடு தருகிறது. அதற்கு மனுப் போடாமல் விட்டுவிடாதீர்கள். சூரிய மின்வேலியைப் பத்துக் கொல்லைக்காரர்கள் சேர்ந்து போட்டால் செலவு பங்காகும். நேரடி மின்சாரம் பாய்ச்சிய கம்பியையும், இரைக்குள் வெடி வைக்கும் அவுட்டுக்காயையும் மட்டும் மாற்று வழி என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டும் துப்பாக்கியைவிடக் குருட்டுத்தனமானவை.

உங்களிடம் கேட்பது

மலை மாவட்டங்களில் காவல்துறை அவ்வப்போது ஒலிபெருக்கி வைத்துக் கேட்கிறது. தாமாக ஒப்படைத்தால் நடவடிக்கை இல்லை என்கிறது. சில ஊர்களில் இரவோடு இரவாகப் பொது இடத்தில் துப்பாக்கியைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அதுகூட ஆபத்துத்தான், கெட்டித்த துப்பாக்கியைக் காலையில் முதலில் கண்டெடுப்பது பள்ளிக்கூடம் போகும் பிள்ளையாக இருக்கும். ஊர்க்கவுண்டர்களும் ஊராட்சித் தலைவர்களும் முன்னின்று, நாள் குறித்து, வாழவந்திநாடு, செங்கரை காவல் நிலையங்களில் முன்கூட்டியே பேசி, வழக்கில்லை என்ற உறுதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஊரோடு சேர்ந்து ஒப்படையுங்கள். தனியாளுக்கு இருக்கும் பயம் ஊருக்கு இருக்காது.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் மூன்று தீர்மானம் போடுங்கள். முதலாவது, துப்பாக்கி ஒப்படைக்கும் முகாமை நாமக்கல்லில் வைக்காமல் மலைமேலேயே வைக்க வேண்டும். இரண்டாவது, 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் உரிமம் கேட்பவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சியை வலியுறுத்துகின்றன. அந்தப் பயிற்சியைச் செம்மேட்டிலேயே நடத்த வேண்டும், பழைய உரிமதாரர்களையும் அதில் உட்கார வைக்க வேண்டும். மூன்றாவது, பயிர்ப் பாதுகாப்பு உரிமத்துக்கும் புதுப்பித்தலுக்கும் இழப்பீட்டுக்கும் மனு வாங்க மாதம் ஒரு நாள் அதிகாரிகள் மலைக்கு வர வேண்டும். நேர்வழி 70 வளைவுக்கு அப்பாலும் கள்ளவழி பக்கத்துக் கொல்லையிலும் இருந்தால், மனிதர் எந்த வழியில் போவார் என்பது அதிகாரிகளுக்கும் தெரிந்ததுதான்.

தீர்மானம் போட்ட ஊர்களில் பயிற்சி நடத்த ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள். என்னைப்போல ஓய்வு பெற்ற பட்டாளத்துக்காரர்கள் சேந்தமங்கலத்திலும் இராசிபுரத்திலும் நாமக்கல்லிலும் இருக்கிறோம். கூலி வேண்டாம்; வந்து சொல்லித்தருகிறோம். வரும்போது அவரவர் உரிமப் புத்தகத்தையும், குழலைக் காலி செய்து துப்பாக்கியையும் கொண்டு வாருங்கள். முதல் பாடம் அது காலியா என்று பார்ப்பதுதான்.

இப்படிக்கு,
அடிவாரத்திலிருந்து உங்கள் உறவினன்,
ஓய்வு பெற்ற ஆர்மரர்